ஊரக மின்பகிர்மான வலையமைப்பில் பெருங்காற்றாலைகளை இணைத்தல்: தமிழகக் காற்றாலைப் பகுதிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

காற்றாலை மின்னுற்பத்தி குறித்த பேச்சு பெரும்பாலும் காற்றின் வேகம், பொறியின் அளவு, நிறுவுதிறன் ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது. பொறி மின்வலையோடு சேரும் இடமாகிய இணைப்புமுனை அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை. துணை மின் நிலையத்திலிருந்து நுகர்வோரை நோக்கி ஒரே திசையில் மின்சாரம் பாயும் எனக் கருதி அமைக்கப்பட்டது ஊரக மின்பாதை. அதன் கடைக்கோடியில் பெரிய காற்றாலை ஒன்றை இணைக்கும்போது மின்னழுத்தம், எதிர்வினைத் திறன், மின்காப்பு, களப்பணியாளர் பாதுகாப்பு ஆகிய நான்கிலும் மாற்றம் நேர்கிறது. இக்கட்டுரை அம்மாற்றங்களை எளிய கணக்கீட்டின் துணையுடன் விளக்கி, தமிழகத்தில் காற்றாலை இணைப்பு ஊர்ப் பாதையிலிருந்து 400 கிலோவோல்ட் நிலையம் வரை வளர்ந்த போக்கைக் காட்டுகிறது. பழைய சிறு காற்றாலைகளை நீக்கிப் பெரியவற்றை நிறுவ முற்படும் இக்காலத்தில், இணைப்புமுனையின் வலிமையே முதல் வினாவாக அமைதல் வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: காற்றாலை, ஊரக மின்பாதை, இணைப்புமுனை, மின்னழுத்த உயர்வு, எதிர்வினைத் திறன், தனித்தீவு இயக்கம், மீளமைப்பு.

1. முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த இடைவெளிகள் தமிழகத்தின் காற்று வளத்திற்குக் காரணமாகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களின் வழியே காற்று ஒடுங்கி விரைவு கொள்கிறது. முப்பந்தல், இராதாபுரம், கயத்தாறு, பல்லடம், உடுமலை, ஆண்டிபட்டி ஆகிய பகுதிகளில் காற்றாலைகள் செறிந்திருப்பது இதனாலேயே.

தமிழ்நாடு மின்சார வாரியம் 1986 தொடங்கி 1993 வரை செயல்விளக்க நோக்கில் 120 காற்றாலைகளை நிறுவியது. அவற்றின் மொத்த நிறுவுதிறன் 19.355 மெகாவாட். அதாவது ஒரு பொறியின் சராசரித் திறன் ஏறத்தாழ 160 கிலோவாட். 1990களில் தனியார் நிறுவிய பொறிகளுள் 225, 250 கிலோவாட் அளவினவே மிகுதி. இன்று நிறுவப்படும் பொறி ஒன்றின் திறன் 2 மெகாவாட்டையும் அதற்கு மேலும் எட்டுகிறது. மாநிலத்தின் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

இவ்வளர்ச்சியின் ஊடே ஒரு முரண் நிலவுகிறது. காற்று வளம் மிக்க இடமும் மின்வலை வலுமிக்க இடமும் ஒன்றாக அமைவதில்லை. மின்வலை நகரங்களையும் ஆலைகளையும் நோக்கி வலுவாக வளர்ந்தது. கணவாய் முகப்பிலுள்ள மேட்டுநிலங்களும் மானாவாரிக் காடுகளும் அவ்வலையின் ஓரங்களிலேயே இருந்தன. காற்றாலையோ காற்று உள்ள இடத்தில்தான் நிற்க முடியும். ஆகவே, பெரும்பொறி ஒன்று மெல்லிய கம்பியின் நுனியில் வந்து சேரும் நிலை உருவாயிற்று. அந்நிலையில் நிகழ்வன யாவை, அவற்றால் பாதிக்கப்படுவோர் யாவர், தீர்வுகள் எவ்வாறு அமைந்தன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஊரக மின்பாதையின் இயல்பு

110 கிலோவோல்ட் மின்சாரத்தைத் துணை மின் நிலையம் 33, 22 அல்லது 11 கிலோவோல்ட்டாகக் குறைக்கிறது. அங்கிருந்து புறப்படும் மின்பாதை பல ஊர்களின் வழியே பல கிலோமீட்டர் செல்கிறது. வழியிலுள்ள பகிர்மான மின்மாற்றிகள் அதனை வீடுகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் உரிய தாழ்வழுத்தமாக மாற்றுகின்றன. நிலையத்தின் அருகே தடித்த கம்பியும், தொலைவு கூடக்கூட மெல்லிய கம்பியும் அமைவது வழக்கம். பாய வேண்டிய மின்சாரம் நுனியை நோக்கிக் குறைந்துகொண்டே செல்லும் என்ற எதிர்பார்ப்பே இதற்குக் காரணம்.

இவ்வமைப்பைப் பாசனக் கால்வாயோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். தலைமடையில் அகன்றிருக்கும் வாய்க்கால் கடைமடையில் குறுகுகிறது. கடைமடைக்கு நீர் போதிய அளவு வந்து சேர்வதில்லை என்பது உழவர் அறிந்த குறை. மின்பாதையின் நுனியில் மின்னழுத்தம் தாழ்ந்திருப்பதும் அத்தகையதே. இனி, அக்கடைமடையில் பேராற்றல் வாய்ந்த இறைப்பி ஒன்றை வைத்து வாய்க்காலுக்குள் நீரைப் பாய்ச்சினால் என்ன நேரும்? தலைமடை வரை நீர் திரும்பிச் செல்ல வேண்டுமாயின், கடைமடையில் நீர்மட்டம் கரையை மீறி உயர வேண்டும். பாதையின் நுனியில் காற்றாலை இயங்கும்போது மின்னழுத்தம் உயர்வது இவ்வாறே.

கம்பியின் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. மின்கம்பி மின்னோட்டத்தை இரு வகைகளில் எதிர்க்கிறது. வெப்பமாக ஆற்றலை இழக்கச் செய்வது மின்தடை. கம்பியைச் சூழ்ந்த காந்தப்புலத்தால் எழுவது மின்மறுப்பு. 230, 400 கிலோவோல்ட் செலுத்துபாதைகளில் மின்மறுப்பே மேலோங்கி நிற்கும், மின்தடை சிறிது. ஊரகப் பாதையின் மெல்லிய அலுமினியக் கம்பியில் நிலைமை தலைகீழாகி, மின்தடை மின்மறுப்பைவிட மிகுகிறது. பெருமின்வலைகளில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தப் பயன்படும் உத்திகள் ஊரகப் பாதையில் எதிர்பார்த்த பயனைத் தாராமைக்கு இவ்வேறுபாடே அடிப்படை.

3. மின்னழுத்த உயர்வு: ஒரு கணக்கீடு

11 கிலோவோல்ட் பாதை ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 10 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு மின்தடை 0.55 ஓம், மின்மறுப்பு 0.36 ஓம் எனக் கொண்டால், முழுப்பாதைக்கும் முறையே 5.5 ஓம், 3.6 ஓம் ஆகும். நிலையத்தில் மின்னழுத்தம் 11 கிலோவோல்ட்டில் நிறுத்தப்பட்டுள்ளது என்றும், பாதையில் வேறு நுகர்வு இல்லை என்றும் கொள்க. ஊர் உறங்கும் வேளையில் காற்று வலுத்து வீசும் நிலைக்கு இது நெருங்கியது.

நுனியில் ஏற்படும் மின்னழுத்த உயர்வைத் தோராயமாகக் கணிக்க, செலுத்தும் திறனை மின்தடையால் பெருக்கி மின்னழுத்தத்தால் வகுத்தல் போதும். 225 கிலோவாட் பொறி ஒன்று முழுத்திறனில் இயங்கினால் உயர்வு 0.11 கிலோவோல்ட், அதாவது 1 விழுக்காடு. இதனைப் பாதை எளிதில் தாங்கும். அதே இடத்தில் 2 மெகாவாட் பொறி நின்றால் உயர்வு 1 கிலோவோல்ட், அதாவது 9.1 விழுக்காடு. இந்திய மின்சார விதிகள் 1956 இவ்வகை உயரழுத்தப் பாதைகளுக்கு வகுத்த வரம்பு, மேல்நோக்கி 6 விழுக்காடும் கீழ்நோக்கி 9 விழுக்காடும் ஆகும். எனவே ஒரே ஒரு பெரும்பொறி வரம்பைக் கடக்கப் போதுமானதாகிறது.

இவ்வுயர்வு அப்பாதையிலுள்ள வீட்டை எவ்வாறு அடைகிறது என்பதைக் காண வேண்டும். பகிர்மான மின்மாற்றி 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக மாற்றுமாறு வடிவமைக்கப்படுகிறது. சுமையேறும்போது நேரும் இறக்கத்தை ஈடுசெய்யவே 400 வோல்ட் என்னும் பெயரளவு மதிப்பினும் இது கூடுதலாக வைக்கப்பட்டுள்ளது. சுமையற்ற நிலையில் ஒருமுனை இணைப்புக்கு இது 250 வோல்ட். உயரழுத்தப் பக்கம் 9.1 விழுக்காடு உயர்ந்தால், வீட்டு இணைப்பில் ஏறத்தாழ 273 வோல்ட் நிற்கும். விளக்குகள் எரிந்து போதலும், குளிர்பெட்டி, தொலைக்காட்சி முதலியன பழுதாதலும், பம்புசெட்டு மோட்டாரின் இரும்புக்கரு காந்தத் தெவிட்டலுற்றுச் சுருள் சூடேறுதலும் இதன் விளைவுகள். கடைக்கோடி ஊரின் நெடுநாள் குறை தாழ்வழுத்தம். அதனைப் போக்க மின்மாற்றியின் தட்டினை உயர்த்தி வைத்திருந்தால், காற்று வீசும் இரவில் அதுவே கேட்டினைப் பெருக்கும். ஒரே ஊர், காற்றில்லா மாலையில் தாழ்வழுத்தத்தையும் காற்றுள்ள இரவில் மிகையழுத்தத்தையும் எதிர்கொள்ள நேர்கிறது.

துணை மின் நிலையத்திலுள்ள தட்டுமாற்றி இதற்குத் தீர்வாகுமா? அது தன் நிலையத்தின் மின்னழுத்தத்தை மட்டுமே உணர்ந்து இயங்குகிறது. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நுனியின் நிலையை அறியாது. காற்றாலை உள்ள பாதைக்காக அழுத்தத்தைத் தாழ்த்தினால், அதே நிலையத்திலிருந்து புறப்படும் பிற பாதைகளின் கடைமடை ஊர்கள் தாழ்வழுத்தத்திற்கு ஆளாகும்.

இதே கம்பியை, இதே தொலைவில் 33 கிலோவோல்ட்டில் இயக்குவதாகக் கொண்டால் விடை முற்றிலும் மாறுகிறது. விழுக்காட்டு உயர்வு மின்னழுத்தத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், 9.1 விழுக்காடு ஒன்பதில் ஒரு பங்காகி 1 விழுக்காட்டளவில் நிற்கும். 22 கிலோவோல்ட்டிலாயின் 2.3 விழுக்காடு. பொறி மாறவில்லை, காற்று மாறவில்லை. இணைப்புமுனை மட்டுமே மாறியது.

இணைப்புமுனையின் வலிமையை அளக்கப் பொறியாளர் கையாளும் அளவை குறுக்குச்சுற்றுத் திறன் ஆகும். அம்முனையில் கம்பிகள் ஒன்றோடொன்று நேரடியாகத் தொட்டால் பாயக்கூடிய திறன் எவ்வளவு என்பதை அது குறிக்கும். மேற்கண்ட 11 கிலோவோல்ட் பாதையின் நுனியில், நிலைய மின்மாற்றியின் எதிர்ப்பைக் கணக்கில் சேர்க்காமலே, அது ஏறத்தாழ 18.4 மெகாவோல்ட்-ஆம்பியர்தான். 225 கிலோவாட் பொறிக்கு இது 80 மடங்குக்கு மேல். 2 மெகாவாட் பொறிக்கு 9 மடங்கு. இவ்விகிதம் 20க்கு மேலிருப்பின் இணைப்பு இடரற்றது என்றும், 10க்குக் கீழிருப்பின் மின்வலை வலுக்குறைந்தது என்றும் கொள்வது பொறியியல் வழக்கு.

4. எதிர்வினைத் திறன்

மாறுமின்னோட்டத்தில் இயங்கும் மோட்டாரும் மின்மாற்றியும் காந்தப்புலத்தை உருவாக்கி நிலைநிறுத்தியாக வேண்டும். அதற்காக மின்வலைக்கும் பொறிக்கும் இடையே ஒவ்வொரு சுழற்சியிலும் போய்வரும் திறனே எதிர்வினைத் திறன். அது பயனுள்ள வேலை எதையும் செய்வதில்லை. ஆயினும் அதனைச் சுமந்து செல்லும் மின்னோட்டம் கம்பியில் இடம்பிடித்து இழப்பை உண்டாக்குகிறது.

தொடக்கக்காலக் காற்றாலைகள் பெரும்பாலும் மாறா வேகத் தூண்டல் மின்னாக்கி கொண்டவை. டென்மார்க்கின் கெட்சர் என்னுமிடத்தில் 1957இல் யோகன்னஸ் யூல் அமைத்த 200 கிலோவாட் காற்றாலை இவ்வகைக்கு முன்மாதிரி. தூண்டல் மின்னாக்கி எளியது, உறுதியானது, பராமரிப்புச் செலவு குறைந்தது. ஆனால் அதற்குத் தன் காந்தப்புலத்தைத் தானே உருவாக்கும் இயல்பில்லை. மின்வலையிலிருந்து எதிர்வினைத் திறனைப் பெற்றே இயங்கும். ஒரு கையால் மின்சாரத்தைத் தந்து மறுகையால் எதிர்வினைத் திறனை வாங்கும் பொறி அது.

முன்னைய கணக்கையே தொடரலாம். 2 மெகாவாட் செலுத்தும் அமைப்பு எதிர்வினைத் திறன் எதையும் வாங்காதபோது பாதையில் இழப்பு 182 கிலோவாட். 1 மெகாவோல்ட்-ஆம்பியர் அளவு எதிர்வினைத் திறனை வாங்கினால், இழப்பு 227 கிலோவாட்டாகப் பெருகுகிறது. உற்பத்தியில் 11 விழுக்காட்டுக்கு மேல் கம்பியிலேயே வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. அதேவேளை மின்னழுத்த உயர்வு 9.1 விழுக்காட்டிலிருந்து 6.1 விழுக்காடாகக் குறைகிறது. ஆகவே எதிர்வினைத் திறனை வாங்குதல் மின்னழுத்தத்திற்கு நன்மையாகவும் இழப்பிற்குத் தீமையாகவும் முடிகிறது.

இன்றைய பெரும்பொறிகள் இவ்வகையில் மேம்பட்டவை. இரட்டை ஊட்ட மின்னாக்கியும் முழுமாற்றி கொண்ட மின்னாக்கியும் மின்னணுத் திறன்மாற்றிகளின் துணையால் எதிர்வினைத் திறனை வேண்டியவாறு வாங்கவும் வழங்கவும் வல்லவை. ஆயினும் ஊரகப் பாதையில் இவ்வாற்றலுக்கும் எல்லை உண்டு. 2 மெகாவாட் பொறி 0.95 திறன் காரணியில் இயங்கி 0.66 மெகாவோல்ட்-ஆம்பியர் எதிர்வினைத் திறனை வாங்கினாலும், மின்னழுத்த உயர்வு 7.1 விழுக்காட்டளவிலேயே நிற்கிறது. 6 விழுக்காட்டு வரம்புக்குள் வருவதில்லை. மின்தடை மேலோங்கிய பாதையில் எதிர்வினைத் திறனின் செல்வாக்குக் குறைவு. வலுவற்ற கம்பியின் குறையை நுட்பமிக்க பொறி ஓரளவே ஈடுசெய்யும்.

பழைய பொறிகளுக்குரிய தீர்வு மின்தேக்கித் தொகுதிகள். அவற்றைப் பொருத்திப் பராமரிக்கும் பொறுப்பை உரிமையாளர் ஏற்கச் செய்யும் பொருட்டு, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் கட்டண ஆணைகளில் எதிர்வினைத் திறனுக்குத் தனிக் கட்டணம் விதித்தது. வழங்கிய நிகர மின்சாரத்தில் 10 விழுக்காடு வரை ஒரு கட்டணமும், அதனை மீறினால் இருமடங்கும் என்பது அதன் அமைப்பு. பழுதான மின்தேக்கியை மாற்றாமல் விடுவதன் சுமை பொதுமின்வலையின் மீது விழாமல் உரிய இடத்தில் விழ இது வழிவகுத்தது.

5. ஏற்ற இறக்கமும் மினுக்கமும்

காற்றின் திறன் அதன் வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. வேகம் 10 விழுக்காடு கூடினால் திறன் 33 விழுக்காடு கூடும். இதனால் நிமிடத்திற்கு நிமிடம் உற்பத்தி மாறுகிறது. வலுவற்ற பாதையில் மின்னழுத்தமும் உடன் மாறுகிறது. இறக்கை ஒவ்வொன்றும் கோபுரத்தைக் கடக்கும் கணத்தில் முறுக்குவிசை சற்றுத் தாழ்வதும் ஒரு காரணம். மூன்று இறக்கைகளுடன் நிமிடத்திற்கு 43 சுற்றுச் சுழலும் 225 கிலோவாட் பொறியில் இத்தாழ்வு நொடிக்கு இருமுறை நிகழும். விளக்கொளியில் தோன்றும் நடுக்கத்தை மினுக்கம் என்பர். மாறும் வேகத்தில் சுழலும் இன்றைய பொறிகள் இவ்வதிர்வைத் தம் சுழற்சியிலேயே உள்வாங்கிக்கொள்வதால், மினுக்கம் பெரிதும் தணிந்துள்ளது.

தூண்டல் மின்னாக்கியை மின்வலையோடு நேரடியாகச் சேர்க்கும்போது, காந்தப்புலம் உருவாகும் அக்கணத்தில் இயல்பினும் பலமடங்கு மின்னோட்டம் பாயும். மென்தொடக்கி என்னும் மின்னணுக் கருவி இதனைப் படிப்படியாக்கித் தணிக்கிறது.

6. மின்காப்பும் களப்பணியாளர் பாதுகாப்பும்

ஒருதிசைப் பாதையில் மின்காப்பு எளிது. பழுது நேர்ந்தால் மின்சாரம் நிலையத்திலிருந்து மட்டுமே வரும். அங்குள்ள சுற்று முறிப்பான் திறந்துகொண்டால் பாதை உயிரிழக்கும். நுனியில் காற்றாலை சேர்ந்ததும் இம்முற்கோள் பொய்த்துவிடுகிறது. பழுதை நோக்கி இருபுறமிருந்தும் மின்னோட்டம் பாய்வதால், நிலையத்தின் உணர்த்தி காணும் மின்னோட்டம் குறைந்து, பழுதை உணரக் காலந்தாழ்த்தவோ தவறவோ கூடும்.

நிலையத்தின் முறிப்பான் திறந்த பின்னும் காற்றாலையும் அருகிலுள்ள நுகர்வோரும் ஒன்றாக உயிர்ப்புடன் நிற்பது தனித்தீவு இயக்கம் எனப்படும். மின்வலை நீங்கினால் தூண்டல் மின்னாக்கி தானே அடங்கிவிடும் என்னும் கருத்து முழுமையன்று. அருகில் மின்தேக்கிகள் போதிய அளவு இருப்பின், அவை வழங்கும் எதிர்வினைத் திறனைக் கொண்டு அது தன்னூக்கம் பெற்றுத் தொடர்ந்து மின்சாரம் தரும். சுமை நீங்கியதால் வேகமும் மின்னழுத்தமும் கட்டின்றி உயரும். திறன் காரணியைச் சீர்செய்ய வைத்த மின்தேக்கியே இங்கு இடருக்குத் துணையாகிறது.

இதனால் முதலில் உயிரிடர் நேர்வது கம்பத்தில் ஏறும் கம்பியாளருக்கே. ஊரகப் பாதையில் மரக்கிளையோ பனையோலையோ விழுந்து மின்தடை ஏற்படுவது அன்றாட நிகழ்வு. அவர் நிலையத்திடம் 'லைன் கிளியர்' பெற்ற பின்னரே பணியைத் தொடங்குகிறார். நிலையத்திலிருந்து மின்சாரம் நிறுத்தப்பட்டது என்பதற்கு அது சான்று. நுனியிலிருந்து வராது என்பதற்குச் சான்றன்று. ஆகவே காற்றாலை இணைந்த பாதையில், காற்றாலைப் பக்கத் துண்டிப்பானைக் கண்ணால் காணுமாறு திறந்து பூட்டுதலும், பணியிடத்தின் இருபுறமும் கம்பிகளை மண்ணோடு இணைத்தலும் தவிர்க்க இயலாதவை. பழுது நீங்கியதாகக் கருதி முறிப்பான் தானே மீண்டும் மூடிக்கொள்ளும் அமைப்புள்ள பாதைகளில், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் மின்னாக்கி மின்வலையோடு இசைவின்றிச் சேர்ந்து, பல்சக்கரப் பெட்டி வரை அதிர்ச்சி பாயும் இடரும் உண்டு.

மறுபுறம், ஊரகப் பாதையின் அடிக்கடி நேரும் மின்தடை காற்றாலைக்கும் கேடாகிறது. ஒவ்வொரு தடையின்போதும் பொறி சுமையிழந்து வேகமெடுக்க, தடுப்பி அதனை வலிந்து நிறுத்துகிறது. வலுத்த காற்றில் இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் தடுப்பியும் பல்சக்கரங்களும் தேய்கின்றன. காற்று மிகுந்த மணிகளும் வீணாகின்றன. இந்தியாவின் வலுக்குறைந்த மின்வலைகளில் காற்றாலைப் பண்ணைகள் இயங்குவதன் மின்தரச் சிக்கல்களை டென்மார்க்கின் ரீசோ தேசிய ஆய்வகம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை தனியே ஆராய்ந்துள்ளது.

7. தமிழகத்தில் இணைப்பு முறையின் வளர்ச்சி

தமிழக இணைப்பு முறையை மூன்று படிகளாகப் பகுத்துக் காணலாம். முதற்படியில், சிறு பொறிகள் அப்பகுதியில் ஏற்கெனவே இருந்த 11, 22 கிலோவோல்ட் பாதைகளைச் சார்ந்தன. எண்ணிக்கை குறைவாக இருந்தவரை இது இயன்றது. இரண்டாம் படியில், நுகர்வோர் இணைப்பு அறவே இல்லாத தனிக் காற்றாலைப் பாதைகள் எழுந்தன. அவை 110 கிலோவோல்ட் துணை மின் நிலையங்களில் நேரே சென்று சேர்ந்தன. உழவுக்கான மும்முனை மின்சாரம் குறித்த மணிநேரங்களில் மட்டும் வழங்கப்பட்டு வந்த சூழலில், இரவும் பகலும் இயங்கவேண்டிய காற்றாலையை ஊர்ப் பாதையிலிருந்து பிரித்தது இரு தரப்புக்கும் பயன்பட்டது. ஊரார் மிகையழுத்தத்திலிருந்தும், காற்றாலை ஊர்ப் பாதையின் மின்தடையிலிருந்தும் விடுபட்டனர்.

மூன்றாம் படியில் சிக்கல் மேல்நோக்கி நகர்ந்தது. தனிப்பாதைகள் கொண்டுவந்து குவித்த மின்சாரத்தை 110 கிலோவோல்ட் பாதைகள் தாங்க இயலாத நிலையில், பருவத்தின் உச்சத்தில் காற்றாலைகளை நிறுத்துமாறு பணிக்க நேர்ந்தது. இதனை எதிர்கொள்ளவே கானார்பட்டி, தப்பகுண்டு, ஆனைக்கடவு, இராசிபாளையம் ஆகிய இடங்களில் காற்றாலை மின்சாரத்தைத் திரட்டும் 400 கிலோவோல்ட் நிலையங்கள் எழுப்பப்பட்டன. 2013 இறுதியில் இராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே தென்மண்டல மின்வலை நாட்டின் பிற மண்டலங்களோடு ஒருங்கிணைந்தது. சத்தீசுகரின் இராய்கர் முதல் கரூர் மாவட்டத்தின் புகளூர் வரை அமைந்த, 6,000 மெகாவாட் செலுத்தவல்ல 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை, காற்று மிகும் காலத்தில் எதிர்த்திசையிலும் மின்சாரத்தை அனுப்புவதற்கு ஏற்றவாறு வடிவமைக்கப்பட்டதாகும்.

இப்படிகளுக்கிடையே மாறாத உண்மை ஒன்றுண்டு. ஆண்டில் ஐந்து மாதங்களே முழுமையாகப் பயன்படும் பாதைக்கும், முழு ஆண்டுக்குரிய முதலீடு தேவைப்படுகிறது. அதனைக் காற்றாலை உரிமையாளர் ஏற்பதா, பகிர்மானக் கழகம் ஏற்பதா, கட்டணத்தின் வழியே அனைத்து நுகர்வோரும் ஏற்பதா என்னும் வினா தொடர்கிறது. மின்சாரச் சட்டம் 2003இன் 86ஆம் பிரிவு, புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மின்வலை இணைப்பு கிடைக்கச் செய்யும் கடமையை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களிடம் அளித்துள்ளது.

8. விதிமுறைகள் விதிக்கும் இருவேறு கடமைகள்

மத்திய மின்சார ஆணையம் 2007இல் மின்வலை இணைப்புக்கான தொழில்நுட்பத் தரங்களை வகுத்து, 2013இல் காற்றாலைகளுக்கான விதிகளை அவற்றில் சேர்த்தது. அவற்றின்படி காற்றாலை நிலையம் 0.95 பின்தங்கு நிலை முதல் 0.95 முந்து நிலை வரை திறன் காரணியை மாற்ற வல்லதாக இருத்தல் வேண்டும். 66 கிலோவோல்ட்டிலும் அதற்கு மேலும் இணையும் காற்றாலைகள், மின்வலையில் பழுது நேர்ந்து மின்னழுத்தம் 15 விழுக்காடாகத் தாழ்ந்தாலும் 300 மில்லிநொடி வரை விலகாமல் நிற்க வேண்டும். நூற்றுக்கணக்கான பொறிகள் ஒரே கணத்தில் விலகினால், சிறு பழுதும் பெருமின்வலையின் சரிவாக முடியலாம் என்பதே இதன் உட்கருத்து.

அதே 2013இல் 33 கிலோவோல்ட்டுக்குக் குறைந்த பகிர்மானப் பாதைகளில் இணையும் மின்னாக்கிகளுக்கென வெளியான விதிகள் இதற்கு எதிரான கடமையை விதிக்கின்றன. மின்னழுத்தம் 80 விழுக்காட்டுக்குக் கீழோ 110 விழுக்காட்டுக்கு மேலோ சென்றால் இரண்டு நொடிக்குள் விலக வேண்டும்; தனித்தீவு உருவானாலும் இரண்டு நொடிக்குள் மின்சாரம் தருவதை நிறுத்த வேண்டும். இங்கே முதன்மை பெறுவது கம்பியாளரின் உயிரும் நுகர்வோரின் பாதுகாப்பும் ஆகும்.

இவ்விரு விதிகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், உண்மையில் இணைப்புமுனையின் வேறுபாட்டையே பிரதிபலிக்கின்றன. உயரழுத்த வலையில் 'விலகாதே' என்பதும், ஊரகப் பாதையில் 'உடனே விலகு' என்பதும் அந்தந்த இடத்திற்குரிய அறமாகும். ஊரகப் பாதைகளில் இணைந்த காற்றாலைகளின் மொத்த அளவு பெருகும்போதுதான் முரண் உண்மையாகிறது. அப்போது ஊரின் பாதுகாப்புக்காக விலகும் பொறிகளின் தொகை, பெருமின்வலையின் நிலைப்புக்கு ஊறாகும். பெரும்பொறிகளை ஊரகப் பாதையில் சேர்க்காமைக்கு மின்னழுத்த உயர்வுக்கு அடுத்த வலுவான காரணம் இதுவே.

9. மீளமைப்பும் இணைப்புமுனையும்

தமிழகத்தின் மிகச் சிறந்த காற்றிடங்களை 1990களின் சிறு பொறிகளே இன்றும் கொண்டுள்ளன. அவற்றை நீக்கிப் பெரும்பொறிகளை நிறுவுதல் மீளமைப்பு எனப்படும். இதற்கென மாநில அரசு 2024இல் தனிக்கொள்கை வெளியிட்டது. மீளமைப்பு பற்றிய கருத்தாடலில் நிலவுரிமை, பொறிகளுக்கிடையேயான தொலைவு, பழைய ஒப்பந்தங்களின் நிலை ஆகியன முன்னிற்கின்றன. இவற்றுக்கு இணையான இடம் இணைப்புமுனைக்கும் உரியது.

எட்டுப் பழைய 225 கிலோவாட் பொறிகளுக்கு மாற்றாக 2 மெகாவாட் பொறி ஒன்றை நிறுவினால், 1.8 மெகாவாட் 2 மெகாவாட்டாகிறது; வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால் எட்டுப் பொறிகள் பாதையின் நீளத்தில் பரவி நின்றன. அவற்றின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஓரளவு சமன்செய்தன. ஒன்று நின்றாலும் ஏழு இயங்கின. புதிய பொறி தன் முழுத்திறனையும் ஒரே புள்ளியில் செலுத்துகிறது. நிற்கும்போது முழுமையாக நிற்கிறது. மேலும், உயர்ந்த கோபுரமும் நீண்ட இறக்கைகளும் கொண்ட அது ஆண்டில் மிகுதியான மணிநேரம் இயங்குவதால், பாதையும் மிகுதியான மணிநேரம் சுமை தாங்க வேண்டும். பழைய பாதையின் நுனியிலேயே புதிய பொறியைச் சேர்த்தால், முப்பது ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த சிக்கல் பன்மடங்காகத் திரும்பும். ஆகவே ஒவ்வொரு மீளமைப்புத் திட்டத்திலும், பொறியைத் தேர்வதற்கு முன்னரே இணைப்புமுனையின் குறுக்குச்சுற்றுத் திறன், குறைந்த நுகர்வு வேளையில் மின்னழுத்த உயர்வு, பாதை இழப்பு ஆகிய மூன்றையும் கணக்கிடுதல் இன்றியமையாதது.

10. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

ஒன்று, காற்றாலை இணைப்பின் இடர் பொறியின் அளவினால் மட்டும் தோன்றுவதன்று. பொறியின் அளவுக்கும் இணைப்புமுனையின் வலிமைக்கும் உள்ள விகிதத்தால் தோன்றுவது. 11 கிலோவோல்ட்டில் வரம்பு மீறும் பொறி, 33 கிலோவோல்ட்டில் தடையின்றி இணைகிறது.

இரண்டு, மின்தடை மேலோங்கிய ஊரகப் பாதையில் எதிர்வினைத் திறனைக் கொண்டு மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது ஓரளவே இயலும். அதுவும் இழப்பைப் பெருக்கியே இயலும்.

மூன்று, நுனியில் மின்னாக்கி சேர்ந்த பாதையில் 'நிலையத்தில் நிறுத்தினால் பாதை உயிரிழக்கும்' என்னும் முற்கோள் செல்லாது. பணிமுறைகள் இதற்கேற்ப மாறாவிடில் விலை கொடுப்பவர் கம்பியாளர்.

நான்கு, தமிழகம் தனிப்பாதைகளையும் உயரழுத்த நிலையங்களையும் அமைத்து இச்சிக்கலைப் பெரிதும் கடந்துள்ளது. மீளமைப்பின்போது பழைய இணைப்புமுனைகளை அவ்வாறே மேற்கொண்டால் அப்பயன் கைநழுவும்.

காற்றாலையின் உற்பத்தி நாடு முழுமைக்கும் பயன்படுகிறது; அதன் மின்னழுத்த உயர்வோ அருகிலுள்ள ஊரை மட்டும் தாக்குகிறது. பயனும் இடரும் இவ்வாறு வெவ்வேறு இடங்களில் விழுவதால், இணைப்புமுனையைத் தேர்தல் பொறியியல் கணக்காக இருக்கும்போதே நீதி சார்ந்த முடிவாகவும் அமைகிறது.